பானையைக் கவிழ்த்தது யார்?

எதிர்வீட்டுப் பெண் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கும்பகோணத்தில் நான் குடியிருக்கும் சந்தில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்பவை. ஒரு வீட்டுக் குழந்தை பாடத்தை நெட்டுருப் போட்டால் சுற்றியுள்ள நாலு வீட்டுக்காரர்களுக்கும் அது மனப்பாடமாகிவிடும். அவர்களையும் பரீட்சைக்கு அனுப்பினால் தேறிவிடுவார்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மாலை, அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா பானையை என்ன செய்தாள்? அம்மா பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். அம்மா பானையை என்ன செய்தாள்? அம்மா பானையைக் கழுவிக் கவிழ்த்தாள்."

பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு ஏழெட்டுத் தடவை காதில் விழுந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பானை எங்கள் வீட்டுப் பானை. கழுவிக் கவிழ்த்தவள் என்னைப் பெற்றவள்.

நாற்பது வருஷங்களுக்கு முன் எழுதிய சிறுகதை அது. மழை கொட்டும் இரவில் அப்பா இரண்டு விருந்தாளிகளை அழைத்து வருகிறார். இருந்ததை அம்மா பரிமாறுகிறாள். அவர்கள் இலையில் மோர் விட்டுக்கொண்டிருக்கும்போதே கொல்லைப்புறம் போய்ப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறாள். "நீ எப்போது சாப்பிடப்போகிறாய்?" என்று அப்பா கேட்கிறார். "எனக்குப் பசியில்லை" என்கிறாள். பையன் படுத்துக்கொண்டு ஓட்டில் விழும் மழையைக் கேட்கிறான். அவ்வளவுதான் கதை. சோறு தீர்ந்துபோயிற்று என்று நான் எங்கும் எழுதவில்லை. அம்மா வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள் என்றும் எழுதவில்லை. அன்றைக்கு அந்தப் பையனுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் பிடித்தது. படிக்கிறவர்கள் கவிழ்ந்த பானையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் விட்டுவைத்தேன்.

மூன்று வருஷங்களுக்கு முன் தனியார் பள்ளிகளுக்குத் துணைப்பாட நூல் போடும் ஒரு பதிப்பகத்தார் அந்தக் கதையைக் கேட்டு எழுதினார்கள். சந்தோஷமாகச் சம்மதித்தேன். எந்த எழுத்தாளன்தான் சம்மதிக்கமாட்டான்? குழந்தைகள் படிப்பார்கள் என்று நினைத்தேன். குழந்தைகள் ஆடிக்கொண்டே உருப்போடுவார்கள் என்று நினைக்கவில்லை.

அவளைக் கூப்பிட்டேன். "கதை பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இது பரீட்சைக்கு உள்ள கதை, தாத்தா" என்றாள். பரீட்சைக்கு உள்ளதைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிற மனுஷரும் உண்டா என்று அவள் முகம் கேட்டது.

"சரி, அந்த அம்மா ஏன் சாப்பிடல?"

கண்ணிமைக்கும் நேரங்கூட ஆகவில்லை. "அம்மாவுக்குப் பசியில்லை, ஆகையால் சாப்பிடவில்லை." ஐந்தாம் வினாவின் விடை அது. அவள் நோட்டில் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் சரிக்குறியும் இருந்தது.

அவள் மந்தமான பெண் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிறவள். கதையை உரக்கப் படிக்கச் சொன்னேன். தங்குதடையில்லை. ழகரமும் ளகரமும் லகரமும் தனித்தனியே நின்றன. காற்புள்ளியில் நிறுத்தி, வினாக்குறியில் குரலை உயர்த்தி, வானொலியில் செய்தி வாசிப்பது போலப் படித்தாள். கேட்டுக்கொண்டிருந்த அவள் தாயார் என்னைப் பெருமையோடு பார்த்தார். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. இவ்வளவு அழகாகப் படித்த பெண்ணின் காதில் என் தாயாரின் பசி விழவேயில்லை.

இங்கேதான் என் சண்டை தொடங்குகிறது.

நம் ஊரில் ஒரு குழந்தைக்குப் படிக்கத் தெரியவில்லையென்றால் அது வெளியே தெரிந்துவிடுகிறது. எழுத்துக் கூட்டித் திணறுகிறது, எல்லோரும் கவலைப்படுகிறோம். கவலைப்பட வேண்டியதுதான். 'அசர்' என்ற கணக்கெடுப்பு 2005-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. தொண்டர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய், இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்துக் குழந்தைகளைப் படிக்கச் சொல்கிறார்கள். 2024-இல் நாடு முழுவதிலும் கிராமப்புற ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 49 பேர்தான் அதைப் படித்தார்கள். பத்திரிகைகள் தலையில் அடித்துக்கொண்டன. நானும் அடித்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சோதனை கேட்பது, பத்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கத் தெரிகிறதா என்பதைத்தான். வாசித்துவிட்ட அந்த 49 பேரில் எத்தனை பேருக்கு வாசித்தது உள்ளே போயிற்று என்பதற்கு அதில் இடமில்லை. எதிர்வீட்டுப் பெண் எந்தச் சோதனையிலும் தேறியவர்கள் கணக்கில்தான் வருவாள். திணறுகிற குழந்தையைக் கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது. அழகாகப் படித்துவிட்டு ஒன்றும் புரியாமல் எழுந்து போகிற குழந்தையைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் இல்லை. அதற்கு நாம் பரிசுக்கோப்பை கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

மூன்றாம் வகுப்புவரை இந்தக் குறை உறைக்காது. அங்கே கிளி பழம் தின்னும். அணில் மரத்தில் ஏறும். அதற்குமேல் புரிந்துகொள்ள அங்கே ஒன்றுமில்லை. நாலாம் வகுப்பிலிருந்து காரியம் மாறுகிறது. வரலாறு வருகிறது, நீராவி மழையாகிற விஞ்ஞானம் வருகிறது, ஒரு கதையில் ஒருவர் ஒன்று சொல்லி வேறொன்றை நினைக்கிற சங்கடம் வருகிறது. அதுவரை படிக்கக் கற்றவர்கள் அதன் பிறகு படித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். நாம் சரியாக அந்த இடத்தில்தான் படிக்கச் சொல்லித்தருவதை நிறுத்திவிட்டு, வினா-விடையை ஆரம்பிக்கிறோம்.

வினா-விடை என்றால் என்ன வென்று ஒரு சின்ன வேடிக்கை காட்டுகிறேன். "கெம்பலன் நூவடியைத் துழக்கினான்." இதற்கு என்ன அர்த்தம் என்று அகராதியைத் தேடவேண்டாம், இப்போதுதான் என் பேனாவில் பிறந்த வாக்கியம். ஆனால் வினாவைப் பாருங்கள். நூவடியைத் துழக்கியவன் யார்? கெம்பலன். கெம்பலன் எதைத் துழக்கினான்? நூவடியை. கெம்பலன் நூவடியை என்ன செய்தான்? துழக்கினான். மூன்றுக்கு மூன்று மதிப்பெண். கோடிட்ட இடத்தையும் நிரப்பிவிடலாம்; பொருத்துகவிலும் பொருத்திவிடலாம். ஐ உருபு இருக்கும்வரை தமிழ்க் குழந்தைக்குப் பயமேயில்லை! நம்முடைய துணைப்பாட நூல்களிலும் அவற்றின் வாலைப் பிடித்து வருகிற உரைநூல்களிலும் உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஜாதி. வினாவில் உள்ள சொல்லை வைத்துப் பத்தியில் வாக்கியத்தைக் கண்டுபிடி, 'யார்' என்ற இடத்தில் பெயரை வை, எழுதி முடி. இதை ஆறு வருஷம் பழகின குழந்தை, வாக்கியத்தைத் தேடுவதுதான் படிப்பு என்று முடிவுகட்டிக்கொண்டால் அது குழந்தையின் குற்றமா?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் டொலோரெஸ் டர்க்கின் என்ற பேராசிரியை நாலாம் வகுப்புகளில் போய் உட்கார்ந்து, கையில் கடிகாரத்தோடு, வாசிப்புப் பாடம் எப்படி நடக்கிறது என்று கவனித்து எழுதினார். 1978-79-இல் அது வெளிவந்தது. நாலாயிரம் நிமிஷத்துக்கு மேல் கவனித்ததில், படித்ததைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த நேரம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் கேள்வி கேட்பது, பயிற்சித்தாள் கொடுப்பது, திருத்துவது. புரிந்ததா என்று சோதித்தார்கள், புரிந்துகொள்ளக் கற்றுத்தரவில்லை. தினம் நாலு வேளை குழந்தையை எடை போட்டுக்கொண்டேயிருந்தால் அது கொழுத்துவிடுமா? ஒரு வேளையாவது சோறு போடவேண்டாமா?

அவருக்கும் அறுபது வருஷங்களுக்கு முன்னால், 1917-இலேயே, தார்ண்டைக் என்பவர் இதைத் தொட்டுக் காட்டிவிட்டார். ஓர் ஊரில் பிள்ளைகள் எந்தெந்தக் காரணத்துக்காகப் பள்ளிக்கூடம் வராமல் இருக்கலாம் என்பதைச் சொல்லும் சின்னப் பத்தி ஒன்றை பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கேள்வி கேட்டார். வந்த விடைகள் விசித்திரமானவை. பத்தியில் எந்தச் சொல் கண்ணில் பளிச்சென்று பட்டதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டிருந்தார்கள். ஒரு பத்தியைப் புரிந்துகொள்வது கணக்குப் போடுவதைப் போன்ற வேலை என்று அவர் முடிவுக்கு வந்தார். எது வேண்டியது, எது வேண்டாதது, எதற்கு எவ்வளவு கனம், எதை எதோடு சேர்ப்பது என்று மனசு ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். எங்கள் கதையில் 'பசியில்லை' என்பது பளிச்சென்ற சொல். பானை ஓரத்தில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கிறவனுக்குத்தான் கதை.

இந்த மாதிரிக் கேள்வி கேட்கிற உபாத்தியாயர் ஒருவர் நம்மிடமே இருந்தார். அவர் முருங்கைமரத்தில் தலைகீழாகத் தொங்கினார். 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வைப் படித்து வளர்ந்தவர்களுக்கு நான் மேலும் சொல்லவேண்டியதில்லை. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக்கொண்டு வேதாளம் கதை சொல்லும். முடிவில் ஒரு கேள்வி கேட்கும். ராஜகுமாரன் எந்த ஊருக்குப் போனான் என்று அது ஒருநாளும் கேட்டதில்லை. மூவரில் யார் செய்தது பெரிய தியாகம், ஏன் அவள் சிரித்தாள், பிறகு ஏன் அழுதாள் என்று கேட்கும். விடை கதையின் எந்த வாக்கியத்திலும் இருக்காது; ஆனால் கதை முழுவதிலும் இருக்கும். தெரிந்திருந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும் என்று தேர்வுவிதி வேறு! நாங்கள் பத்து வயதில் அடுத்த பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, அண்ணன் தங்கையெல்லாம் அடித்துக்கொள்ளாத குறையாக வாதாடுவோம். எங்களுக்கு யாரும் மார்க் போடவில்லை. இப்போது அந்தப் பத்திரிகை வருவதில்லை. வேதாளத்தின் வேலையையும் யாரும் ஏற்கவில்லை.

சரி, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வருகிறேன். அன்று அவளிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அசடே, சோறு தீர்ந்துபோச்சு, அதனால்தான் அம்மா பட்டினி" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவளும் ஆறாம் விடையாக அதை எழுதி வைத்துக்கொண்டிருப்பாள். நாக்கு நுனிவரை வந்ததை அடக்கிக்கொண்டு, "உங்க வீட்டுல ராத்திரி சோறு மிஞ்சினா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"பிரிட்ஜில வைப்பாங்க."

"பிரிட்ஜ் இல்லாத காலத்துல?"

தெரியவில்லை. தாயாரைப் பார்த்தாள். "தண்ணி ஊத்தி வைப்போம்டி. காலையில பழையது" என்றார் அவர். பழையது என்பதை அந்தப் பெண் கேள்விப்பட்டிருக்கிறாள். அது ஓட்டலில் மண்சட்டியில் வைத்து விற்கிற பண்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது ராத்திரி மிச்சம் என்பதும், மிச்சமிருந்த பானையை ராத்திரியில் யாரும் கழுவமாட்டார்கள் என்பதும் அவளுக்குப் புதுச் செய்தி.

"அப்படின்னா இந்த அம்மா எதுக்குப் பானையைக் கழுவினாங்க?" என்றேன்.

புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தைத் தேடினாள். வாக்கியத்தில் விரலை வைத்தாள். உதடு அசைந்தது. இந்தத் தடவை உரக்கப் படிக்கவில்லை. வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சொன்னாள்: "சோறு காலியாயிடுச்சு."

நான் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப அந்த அம்மா பொய் சொல்லியிருக்காங்க, தாத்தா!"

அவள் குரலில் இருந்தது கண்டனமா, பயமா, வேறென்னவா என்று என்னால் சொல்ல முடியாது. சிறிது நேரம் கழித்து அவளே, "அந்தப் பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நாற்பது வருஷத்தில் விமரிசகர்கள் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி அது. கேட்டுவிட்டுத் தன் தாயாரைத் திரும்பிப் பார்த்தாளே, அந்தப் பார்வைக்காகத்தான் மனிதன் கதை எழுதுகிறான்.

இதில் நான் செய்த வித்தை ஒன்றுமில்லை. அவளுக்குத் தேவையாயிருந்த சங்கதி ஒன்று, பழையதைப் பற்றியது, கதைக்கு வெளியே கிடந்தது. அதை எடுத்துக் கையில் கொடுத்ததும் மீதியை அவளே கண்டுகொண்டாள். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். பேஸ்பால் ஆட்டத்தை வருணிக்கும் பத்தி ஒன்றை ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், ஆனால் ஆட்டம் தெரியாது. வாசிப்பில் மட்டம், ஆனால் ஆட்டம் அத்துப்படி. யார் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் தெரியுமா? ஆட்டம் தெரிந்த மட்டங்கள்தாம். நம் ஊர்ப் பையன்களிடம் கிரிக்கெட் செய்தியைக் கொடுத்துப் பாருங்கள்; தமிழில் இருபது மார்க் வாங்குகிறவன் பந்தயத்தின் நுட்பத்தையெல்லாம் உங்களுக்கே விளக்குவான்.

குழந்தைகளை விடுங்கள். எங்கள் ஊர்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்காகப் பாடம் கேட்டவர். இலக்கணத்திலோ சொல்வளத்திலோ அவருக்கு என்ன குறை? அப்படிப்பட்டவர் 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியார் சொல்லிச் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, பல இடங்கள் விளங்காமல் தவித்தார். அது ஜைன காவியம். ஜைன சமயத்தின் சங்கதிகள் அவருக்குப் பழக்கமில்லை. அவர் என்ன செய்தார்? செய்யுளை இன்னும் நூறு தடவை உருப்போடவில்லை. கும்பகோணத்தில் இருந்த ஜைனர்களைத் தேடிப் போய், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணி பதிப்பாக வெளிவந்தது. தமிழ்த் தாத்தாவுக்கே கதைக்கு வெளியே போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பதினொரு வயதுப் பெண்ணை மட்டும் அருஞ்சொற்பொருள் பட்டியலோடு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறோம்!

'வாசிப்பில் பலவீனமான' பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாட வேளையையும் விஞ்ஞான வேளையையும் பிடுங்கி, கூடுதல் வாசிப்புப் பயிற்சி கொடுக்கிற பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அந்த மகானுபாவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிணற்றைத் தூர்த்துவிட்டு வாளியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

புதுமைக்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இப்போது 'வாசிப்பு உத்திகள்' என்று ஒன்று எல்லாப் பயிற்சி முகாமிலும் அடிபடுகிறது. வண்ண அட்டையில் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருப்பதை நானே பார்த்தேன்: முன்கூட்டி ஊகித்தல், வினா எழுப்புதல், தெளிவு பெறுதல், சுருக்கிக் கூறுதல். அந்த வகுப்பிலிருந்த பையன் ஒருவனிடம், "இது என்னப்பா?" என்று கேட்டேன். "வாசிப்பு உத்திகள் நான்கு. அவையாவன..." என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் ஒப்பித்தான். மருந்துச்சீட்டைக் கரைத்துக் குடிக்கிற நோயாளியைப் பற்றிக் கேட்டிருக்கிறோமே, அதுதான்.

அந்த நான்கும் எங்கிருந்து வந்தவை என்று அட்டை அடித்தவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. அமெரிக்காவில் பாலின்சார், பிரவுன் என்ற இரண்டு பெண்மணிகள் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணைப் போலவே, வாய்விட்டு ஒழுங்காகப் படிப்பார்கள், ஆனால் புரியாது என்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறு சிறு குழுவாக உட்காரவைத்தார்கள். முதலில் ஆசிரியர் ஒரு பத்தியைப் படித்துவிட்டுத் தாமே உரக்க யோசித்துக் காட்டுவார்: இங்கே எனக்கு விளங்கவில்லை, அடுத்து இது வரும் என்று நினைக்கிறேன், நான் கேட்க வேண்டிய கேள்வி இது என்று. பிறகு அடுத்த பத்திக்கு ஒரு பிள்ளை ஆசிரியராக வேண்டும். மற்றவர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். ஆரம்பத்தில் அவர்களும் 'யார், எங்கே' என்றுதான் கேட்டார்கள். சில வாரங்கள் இப்படிப் பேசிப் பேசிப் பழகினதில், தனியே படிக்கும்போதும் மனசுக்குள் அந்தப் பேச்சு நடக்க ஆரம்பித்தது. அதில் மருந்து அந்தப் பேச்சுத்தான். நாம் பேச்சை விட்டுவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டோம்.

இதற்காக அமெரிக்காவரைக்கும் போகவேண்டுமா என்றுகூட எனக்கு ஒரு எண்ணம். நன்னூலின் பாயிரத்தைப் பார்த்தால், பவணந்தி முனிவர் கணக்கே போட்டுவைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது கால்பங்குதான். உடன்படிக்கிறவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். மீதிப் பாதி, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும் என்கிறார். எழுநூறு வருஷத்துக்கு மேலாகிறது. நாம் அந்தச் சூத்திரத்தையும் மனப்பாடப் பகுதியில் சேர்த்து, வாய் திறக்காமல் உட்கார்ந்து உருப்போடச் சொன்னவர்கள்!

மனப்பாடத்தின் மேல் எனக்கு விரோதம் இருப்பதாக நினைக்கவேண்டாம். நெஞ்சில் நூறு பாட்டு இருக்கிறவனுக்கு நூற்றோராவது பாட்டு சீக்கிரம் விளங்கும். நல்ல பாட்டை உருப்போடுவது சேமிப்பு. 'அம்மா பானையைக் கழுவிக் கவிழ்த்தாள்' என்பதை உருப்போடுவது என்ன சேமிப்பு?

காலாண்டுத் தேர்வு முடிந்து பத்து நாள் இருக்கும். எதிர்வீட்டுப் பெண் விடைத்தாளோடு வந்தாள். முகம் சரியில்லை. "உங்களாலதான் தாத்தா எனக்கு ரெண்டு மார்க் போச்சு" என்றாள்.

'அம்மா ஏன் சாப்பிடவில்லை?' என்ற வினா வந்திருக்கிறது. அவள் எழுதியிருந்தாள்: 'சோறு காலியாகிவிட்டது. மிச்சம் இருந்தால் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். அம்மாவுக்குப் பசித்தது. ஆனால் விருந்தாளிகள் சங்கடப்படுவார்கள் என்று பொய் சொன்னாள்.' விருந்தாளிகளின் சங்கடம் நான் சொல்லிக்கொடுத்ததல்ல. அது அவளுடைய சொந்த ஆஸ்தி. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் பூஜ்யம்.

கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். அந்தத் தமிழாசிரியை முப்பது வயதுக்குள் இருப்பார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் மேஜையில் விடைத்தாள்கள் மூன்று கட்டு. ஒவ்வொன்றிலும் நாற்பதுக்கு மேல்.

"எனக்கும் கை வரல ஸார்" என்றார். "நல்லாத்தான் எழுதியிருந்தா. ஆனா ஒருத்திக்குப் போட்டா, 'பசியில்லை'ன்னு எழுதின நாற்பது பேருக்கும் தப்புப் போடணும். சாயங்காலமே நாற்பது அப்பா அம்மா புத்தகத்தைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. விடைக்குறிப்புல அப்படித்தானே இருக்கு? ரெண்டும் சரின்னு போடலாமான்னு மேலே கேட்டேன். குறிப்புல உள்ளபடி திருத்துங்கன்னுட்டாங்க." ஒரு வகுப்பில் பேசவைத்துப் பார்த்ததையும் சொன்னார். ஒரு கதைக்கு மூன்று நாளாயிற்றாம். பாடத்திட்டம் பின்தங்கியதற்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்ததாம். இவரோடு நான் என்ன சண்டை போடுவது? என் செருப்பின் வேகமெல்லாம் வீணாயிற்று.

"விடைக்குறிப்பை எழுதின மேதாவி யார்?" என்று கேட்டேன்.

அவர் சற்றுத் தயங்கினார். பிறகு துணைப்பாட நூலை எடுத்து முன்னுரைப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். 'இந்நூலில் உள்ள வினா-விடைகள் அனைத்தும் கதாசிரியர்களின் பார்வைக்கு அனுப்பப்பெற்று, அவர்களுடைய ஒப்புதலுடன் வெளியிடப்படுகின்றன' என்று அச்சிட்டிருந்தது.

ஞாபகம் வந்தது. அச்சுப் படிவம் ஒன்று தபாலில் வந்தது. கடைசியில் இரண்டு பக்கம் வினா-விடை. கதையில் அச்சுப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வினா-விடைப் பக்கத்தை நான் படிக்கவில்லை. கடைசித் தாளில் 'பார்த்தேன், சரி' என்று கையெழுத்துப் போட்டு, அன்றைய தபாலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, சன்மானம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். 'அம்மாவுக்குப் பசியில்லை' என்பதற்கு என் கையெழுத்தே இருக்கிறது.

பதிப்பகத்தாருக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் கவனிப்பதாகப் பதில் வந்தது. அடுத்த பதிப்பு எப்போது என்பதற்குப் பதில் வரவில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்கு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அதே பாடம் மறுபடியும் வருமாம். நேற்று வாசலில் நின்றுகொண்டு, "இந்தத் தடவை என்ன எழுதட்டும், தாத்தா?" என்று கேட்டாள். பேனாவைத் தேடுகிற பாவனையில் உள்ளே வந்துவிட்டேன்.